சன்னாசியின் பாட்டுக்கு நாற்பத்தொரு மார்க்

மலேசியாவில் ஈப்போ வட்டாரத்தில் எங்கே பாட்டுப் போட்டி நடந்தாலும் நடுவர் மேசையில் நடு நாற்காலி ராமசுப்பிரமணியனுக்குத்தான். ஆள் கணக்கு வாத்தியார். சென்னையில் கல்லூரியில் படித்த காலத்தில் ஒருவரிடம் முறையாக வாய்ப்பாட்டுக் கற்றவர். மேடையேறும் குரல் தனக்கு இல்லை என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு நிறுத்தியவர். அதனால் மற்றவர்களுக்குச் சொல்லும் தீர்ப்பிலும் கருணை கிடையாது.

சுருதிக்கு நாற்பது மார்க், தாளத்துக்கு முப்பது, உச்சரிப்புக்கு இருபது, பாவத்துக்குப் பத்து. பாவத்துக்கு ஏன் பத்தே பத்து என்று யாராவது கேட்டால், "அது ஆளுக்கு ஆள் மாறும். மாறுற பொருளுக்கு அதிக மார்க் கொடுக்கக்கூடாது" என்பார்.

அவரோடு எப்போதும் நடுவராக உட்காருகிற பழனியப்பன் இதைக் கேட்டால் சிரிப்பார். பழனியப்பன் எஸ்டேட்டில் பிறந்து நகரத்துக்கு வந்து பேருந்து நிலையத்தில் வேலை பார்ப்பவர். "பாட்டுல என்னண்ணே கணக்கு? எனக்குப் புடிச்சா நல்ல பாட்டு, அவ்ளோதான்லா."

"உனக்குப் பிடிக்கிறது வேற, பாட்டு நல்லா இருக்கிறது வேற, பழனி. உனக்குப் பிடிக்கலேங்கிறதுக்காக ரெண்டும் ரெண்டும் அஞ்சாயிடுமா?"

பழனியப்பன் காப்பியை உறிஞ்சிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார். அதை ராமசுப்பிரமணியன் தன் வெற்றி என்று எடுத்துக்கொள்வார்.

வீட்டிலும் அதே ஒழுங்குதான். ஈப்போவை ஒட்டிய சிலிபினில் அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி நிறைய இசைத்தட்டுகள். சாயங்காலம் ஒன்றை எடுத்து, துணியால் துடைத்துப் போடுவார். மனைவி கண்ணம்மை காப்பியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுப்பாள். இருபத்துமூன்று வருசத்தில் ஒரு தட்டைக்கூட அவள் நன்றாயில்லை என்று சொன்னதில்லை. "எங்க வீட்டுல ஒரு மட்டமான பாட்டுக் கேக்காது" என்று வெளியில் பெருமையடித்துக்கொள்வார். பிள்ளைகள் இரண்டும் படிக்க வெளியூர் போன பிறகு வீடு இன்னும் அமைதியாகிவிட்டது. அமைதி அவருக்குப் பிடித்திருந்தது.

எழுபத்தொன்பதாம் வருசம், மழை தொடங்கியிருந்த நேரம். ஒரு நாள் பள்ளி விட்டுக் கிளம்பினால் டட்சன் கார் உயிர் பெறவே மாட்டேன் என்றது. பட்டறைக்காரர் ஆ ஹெங் வந்து மூடியைத் திறந்து பார்த்து, "எசோக்லா, சிக்கு" என்று மலாயில், வாத்தியாருக்கு நாளைக்குத் தவணை சொல்லிவிட்டார். ராமசுப்பிரமணியன் பாதி தூரம் பஸ்ஸிலும் மீதியை நடந்தும் வீட்டுக்கு வந்தார்.

கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே ரேடியோ கேட்டது.

*சிலிம் ரிவர் டேசனிலே சிவப்புத் தாவணி நிக்குதடி,*
*போற ரயிலு போயிருச்சு, என் குடை மட்டும் நனையுதடி!*

அந்தப் பாட்டு அவருக்குத் தெரியும். அதைத் தெரியாதவர்கள் அந்த வருசம் பேராக் மாநிலத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள். சன்னாசி என்று ஒரு இளைஞன் பாடியது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றைத் துண்டுபோட்டு விற்றபோது வேலை போய், லோரியில் மூட்டை ஏற்றப் போனவன். உள்ளூர்க் கலைஞர்களுக்கான நேரத்தில் ஒருமுறை வானொலியில் பாடினான். அன்றிலிருந்து நேயர்கள் தினமும் அதையே கேட்டு எழுதினார்கள். காப்பிக்கடையில் அது வந்தால் ராமசுப்பிரமணியன் பாதிக் காப்பியோடு எழுந்துவிடுவார்.

இப்போது அந்தப் பாட்டு அவர் வீட்டிலிருந்தே வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு குரலும் வந்தது. கண்ணம்மை பாடிக்கொண்டிருந்தாள். 'குடை மட்டும் நனையுதடி' என்ற இடம் வந்ததும் பாட்டை விட்டுவிட்டுத் தனியாகச் சிரித்தாள். வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, சின்னப் பெண்கள் சிரிப்பது மாதிரி.

அவர் அவளைச் சிரிக்க வைத்திருக்கிறார். இந்தச் சிரிப்பை மட்டும் கேட்டதே இல்லை.

உள்ளே போகத் தோன்றவில்லை. போனால் இது நின்றுவிடும் என்று எப்படியோ தெரிந்தது. திரும்பிவிடலாம் என்று பையை மாற்றிப் பிடித்தார். பை கேட்டில் இடித்தது, கொண்டி 'டங்'கென்று விழுந்தது. அந்தக் கணமே ரேடியோ, கத்தரியால் வெட்டினது போல, பாதிச் சொல்லில் நின்றுபோனது.

கண்ணம்மை கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகம் எப்போதும் போல இருந்தது.

"என்னங்க இது, காடி சத்தமே கேக்கலையே?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. அப்படியானால் தினமும் அவர் கார் சத்தம் கேட்டதும் அவள் ரேடியோவை அடைத்துவிடுகிறாள். அவர் பெருமையடித்துக்கொண்ட அமைதி, அவர் வந்ததும் தொடங்குகிற அமைதி.

அன்று தட்டு எதுவும் போடவில்லை. எப்போதாவது இவளைத் திட்டியிருக்கிறோமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. திட்டியது நினைவுக்கு வந்திருந்தாலாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

கார் சரியாகி வந்தது. மறுநாள் வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் மூலையில், காப்பிக்கடைக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். நேயர் விருப்பம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். சும்மா உட்காருவானேன் என்று கார் ரேடியோவைத் திருப்பினார். வந்தான் சன்னாசி.

இவ்வளவு பேருக்குப் பிடிக்கிற பாட்டில், முக்கியமாகக் கண்ணம்மைக்குப் பிடிக்கிற பாட்டில், தன் காதுக்குத் தப்பிய சரக்கு ஏதாவது இருக்கும் என்று நினைத்தார். நடுவர் மேசையில் உட்கார்ந்தது போலவே கேட்டார். முதல் வரியிலேயே சுருதி கீழே இறங்கியது. தாளக்காரனும் பாடகனும் வேறு வேறு ஊருக்குப் போனார்கள். மனசுக்குள் மார்க் போட்டார், முப்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே என்றால் அவர் வகுப்பில் பெயில். பாவத்துக்கு மூன்று போட்டிருந்தார், அதுவே தாராளம் என்று தோன்றியது.

மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். பெயில்தான். ஆனால் மரத்தடியில் நிறுத்துவதை மட்டும் விடவில்லை. வெயிலில் கார் அடுப்பாகக் கொதிக்கும். கண்ணாடியை இறக்கினால் தெரிந்தவர்கள் காதில் பாட்டு விழும், கணக்கு சார் எதைக் கேட்கிறார் என்று ஊர் சிரிக்கும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார். இந்நேரம் அவள் சிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வார். நிகழ்ச்சி முடிந்ததும் வண்டியை எடுப்பார். வீட்டில் அமைதி அவரை வரவேற்கும்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு மாரியம்மா என்ன செய்தாள் என்பது பிறகு கண்ணம்மை சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. மாரியம்மா நல்ல மனசுக்காரி, ஆனால் வாயில் எதுவும் தங்காது. கைநிறையக் கீரையோடு வந்து, "ஆச்சி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க" என்று தொடங்கினாளாம். "உங்க சாரு தெனமும் காப்பிக்கடை மூலையில காடிய நிப்பாட்டிட்டு உள்ளாறயே குந்தியிருக்காரு. எறங்கவும் இல்ல, ஒரு காப்பி குடிக்கவும் இல்ல. அந்த மாடி வீட்டுல புதுசா ஒரு குடும்பம் வந்திருக்குலா, ஒரு பொண்ணு துணி காயப்போட வருது. நான் தப்பாச் சொல்லல. பாத்தேன், சொல்றேன்."

அன்றைக்கு ராமசுப்பிரமணியன் மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டின் சரணத்தைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் கண்ணம்மை, வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

அவர் கை தானாகப் போய் ரேடியோவை அடைத்தது.

அவள் மறுபக்கம் வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள். முதலில் மாடி வீட்டை ஒரு பார்வை பார்த்தாள். அங்கே ஒரு கிழவர் பல் குத்திக்கொண்டிருந்தார். பிறகு ரேடியோவைப் பார்த்தாள்.

"ஏன் அடைச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. செய்தி."

அவள் கை நீட்டித் திருப்பினாள். *என் குடை மட்டும் நனையுதடி* என்று காருக்குள் நிறைந்தது. இரண்டு பேரும் முன்னால் பார்த்தபடி பாட்டு முடியும்வரை கேட்டார்கள். இருவரில் யார் பிடிபட்டது என்று தெரியாத மாதிரி இருந்தது.

"எப்பத் தெரியும்?" என்றாள் கண்ணம்மை.

"காடி ரிப்பேர் ஆச்சே, அன்னிக்கு."

"அப்பருந்து இங்கதான் உக்காந்திருக்கீங்களா?"

"நீ கேட்டு முடிச்சுக்கட்டும்னுதான்."

அவள் கண் கலங்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அவளுக்கோ கோபம் வந்தது. "நல்ல நியாயம்! என் வீட்டுல நான் ஒரு பாட்டுக் கேக்கிறதுக்கு நீங்க வெயில்ல வேகணுமா? ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா?"

"நான் உன்னை எப்பவாவது கேக்க வேணாம்னு சொன்னேனா, கண்ணம்மை? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல."

"சொல்லல. ஒரு நாளும் சொல்லல." அவள் குரல் இறங்கியது. "முகம் சொல்லிடும். கல்யாணமான புதுசுல அடுப்படியில ஏதோ முணுமுணுத்துக்கிட்டிருந்தேன். நீங்க வந்தீங்க. பச்சப் புளியங்காயக் கடிச்ச மாதிரி ஒரு முகம், ஒரு நொடிதான். அப்புறம் சிரிச்சீங்க. நான்தான் அந்த ஒரு நொடியப் பாத்துட்டேன்."

அவர் காரின் சின்னக் கண்ணாடியைத் திருப்பித் தன் முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வாங்க," என்றாள். "இனிமே வந்து உள்ள உக்காருங்க. முகத்த மட்டும் வெளிய கழட்டி வச்சிட்டு வாங்க."

சொன்னது போல நடப்பது சுலபமாக இல்லை. அடுத்த நாள் அவர் கூடத்தில் உட்கார்ந்தார், பாட்டு வந்தது, அவள் பாட்டைக் கேட்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளப் பாடுபட்டதில் பல்வலிக்காரர் போல ஆகிவிட்டார். கடைசியில் கண்ணம்மையே ஒரு வழி கண்டுபிடித்தாள். நாளிதழை விரித்து அவர் கையில் கொடுத்தாள். "இதுக்குப் பின்னால இருங்க. எந்த முகம் வேணும்னாலும் வச்சுக்குங்க." அது பலித்தது. இரண்டாவது நாளே அவள் பாட ஆரம்பித்தாள். தாளுக்குப் பின்னால் அவர் எந்த எழுத்தையும் படிக்கவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் தாளை இறக்கினார்.

"எல்லாம் சரி, கண்ணம்மை. குடை மட்டும் நனையுதுன்னா என்ன அர்த்தம்? மழை பெய்ஞ்சா குடை நனையத்தானே செய்யும்? அதுல என்ன கவிதை?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதான் எனக்குப் புடிச்ச இடமே."

"அப்ப நல்ல பாட்டு, கெட்ட பாட்டுன்னு ஒண்ணும் கிடையாதா? எல்லாம் ஒண்ணுதானா?" கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"யாரு சொன்னா? அந்தப் பையன் சுருதியில நிக்கல. முதல் வரியிலயே வழுக்குறான்."

ராமசுப்பிரமணியன் திகைத்துப்போனார். "உனக்குத் தெரியுதா அது?"

"இருபத்துமூணு வருசம் உங்க பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். என்னைச் செவிடுன்னா நெனச்சீங்க? வழுக்குறான்னு தெரியுது. தெரிஞ்சும் புடிச்சிருக்கு. எங்க அப்பச்சி கடை சிலிம் ரிவர்லதானே இருந்தது. தோட்டத்து ஆளுங்க சம்பளத்தன்னிக்கு வந்து இப்படித்தான் பாடுவாங்க, வழுக்கி வழுக்கி. அதனாலயா, இல்ல சும்மாவே புடிச்சிருக்கான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி அவரைப் பார்த்தாள். "உங்க மூக்குகூடக் கோணல்தான். அளந்து பாத்தா கட்டிக்கிட்டேன்?"

அவர் மூக்கைத் தடவிக்கொண்டு தாளைத் தூக்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் நகரத்து இளைஞர் மன்றம் பாட்டுப் போட்டி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபம் நிறைந்த கூட்டம். வழக்கம் போல நடு நாற்காலியில் ராமசுப்பிரமணியன், வலது பக்கம் பழனியப்பன். பெயர் வாசிக்கும்போதுதான் தெரிந்தது, பதினோராவது ஆள் சன்னாசி. மூன்றாவது வரிசையில் கண்ணம்மை நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாரியம்மாவும் பக்கத்தில் இருந்தாள்.

சன்னாசி வந்தான். ஒல்லியாக, கறுப்பாக, இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு. அதே பாட்டு. கூட்டம் கை தட்டியது, விசில் அடித்தது. அவன் முதல் வரியிலேயே வழுக்கினான். ராமசுப்பிரமணியனின் பேனா அந்தரத்தில் நின்றது. மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சுருதிக்கு என்ன போட வேண்டுமோ அதைப் போட்டார். தாளத்துக்கும் உச்சரிப்புக்கும் அப்படியே. பாவம் என்ற இடத்துக்கு வந்தபோது மரத்தடியில் போட்ட மூன்று நினைவுக்கு வந்தது. இப்போது மூன்று போட மனசு வரவில்லை. ஆறு போட்டார். போட்டதும் சந்தேகம் வந்தது. கூடின மூன்று சன்னாசி சம்பாதித்ததா, கண்ணம்மை சம்பாதித்ததா? அவன் அன்று பாடியதற்கும் இன்று பாடியதற்கும் வித்தியாசம் இல்லை. கேட்ட ஆள்தான் வேறு. இந்த மாதிரி நடக்கும் என்றுதானே அதற்குப் பத்து மார்க்கோடு வேலி போட்டு வைத்திருந்தார்! வேலியைத் தாண்டிப் போகவில்லை, ஆனால் வேலிக்குள் நன்றாகவே உலாவிவிட்டார். அடித்துவிட்டு மூன்றே போடலாமா என்று பார்த்தார். அடிக்கவில்லை. கூட்டினார், நாற்பத்தொன்று.

பழனியப்பன் எட்டிப் பார்த்தார். அவர் தாளில் எழுபத்தெட்டு இருந்தது. "அண்ணே, ரெண்டு பேரும் ஒரே பாட்டத்தான் கேட்டோமா?"

"ஒரே பாட்டுத்தான், பழனி," என்றார் ராமசுப்பிரமணியன். "காதுதான் ரெண்டு." பழனியப்பன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். இந்த ஆளிடமிருந்து இப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதில்லை.

சன்னாசிக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

வெளியே மண்டபத்து முற்றத்தில் கண்ணம்மை நேராக அவனிடம் போனாள். "தம்பி, உங்க பாட்டத் தெனமும் கேக்குறேன். நானும் சிலிம் ரிவர்தான்." அவன் முகமெல்லாம் பல்லானது. "எங்கேக்கா? டேசன் பக்கமா?" என்று ஆரம்பித்து, அவள் தன் அப்பா முத்தப்பன் செட்டியார் கடை என்றதும், "அங்கதான்கா எங்கம்மா அரிசி வாங்கும்!" என்று துள்ளினான். ராமசுப்பிரமணியன் இரண்டடி தள்ளி நின்றார். அவன் அவரைப் பார்த்துவிட்டான்.

"சார், எனக்கு எத்தன சார் போட்டீங்க?"

கண்ணம்மையும் திரும்பிப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணு," என்றார்.

"பாஸா சார்?"

"பாஸ்தான்."

சன்னாசி வாய்விட்டுச் சிரித்தான். "ஸ்கூல்ல கணக்குல ஒரு தடவகூட நான் பாஸானதில்ல சார்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, காத்திருந்த லோரியை நோக்கி ஓடினான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கண்ணம்மை கார் ரேடியோவைத் திருப்பவில்லை. அவர் கியரை மாற்றினார், தொண்டையைச் செருமினார்.

"கோவமா?"

"எதுக்கு?"

"உனக்குப் புடிச்ச பாட்டு. நான் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

"போட்டிருந்தீங்கன்னா உங்ககூடப் பேசியிருக்கவே மாட்டேன்," என்றாள் அவள். "எனக்காகப் போட்டா அது என்ன மார்க்கு? அவனுக்கும் அவமானம், எனக்கும் அவமானம்." சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். அந்த மூன்று மார்க் விசயத்தை அவர் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவர் அலமாரி முன்னால் நின்று, "கண்ணம்மை, இங்க வா" என்று கூப்பிட்டார். "இதுல எதெது உனக்குப் பிடிக்கும், எதெது பிடிக்காதுன்னு சொல்லு. நிஜத்தச் சொல்லணும்."

"வேணாங்க."

"சொல்லு."

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்றுக்குத் தலையாட்டினாள். இன்னொன்றுக்கு, "இந்தம்மா குரல் அப்படியே கீழ எறங்குற இடம் வரும், அங்க எனக்குக் கையில வேலை ஓடாது" என்றாள். அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. அந்த உற்சாகத்தில் தன் உயிரான தட்டை எடுத்தார். சென்னையில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நேரில் கேட்ட வித்வான், நீண்ட தோடி. இதைக் கேட்டுத்தான் பாட்டு என்றால் என்னவென்று தனக்குப் புரிந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஊசியை வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கண்ணம்மை நெற்றியைத் தேய்த்தாள்.

"இது வேணாங்க. இது மட்டும் எப்பவுமே எனக்குத் தலைவலிதான்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. குழந்தையை யாரோ அழகில்லை என்று சொன்னது போல இருந்தது. சுருதி சுத்தம், தாளம் சுத்தம், எந்தத் தராசில் வைத்தாலும் நூறு. அந்த நூறையும் வைத்துக்கொண்டு அவளுடைய நெற்றியை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊசியைத் தூக்கப் போனார்.

"எடுக்காதீங்க," என்றாள். எழுந்து அவர் கையை விலக்கி, தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "உங்களுக்குப் புடிச்சிருக்கில்ல, கேளுங்க. நான் போயி உளுந்து ஆட்டுறேன். சத்தம் அங்க வராது."

அவள் அடுப்படிக்குப் போனாள். ஆட்டுக்கல் உருளத் தொடங்கியது. அவர் தட்டை நிறுத்தவில்லை. ஒலியைக் கொஞ்சம் குறைத்தார், நாற்காலியை அடுப்படிக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.